வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு…

கேள்வி: எனக்கு 43 வயது. 29 வயதில், பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட்டோடு கராத்தேயை விட்டேன். கல்யாணம், குழந்தைகள், வேலை என்று 14 வருடம் ஓடிவிட்டது. போன மாதம் மறுபடி வகுப்பில் சேர்ந்தேன். மூச்சு வாங்குவதைக்கூடச் சமாளித்துவிடலாம்; இரண்டாவது வாரமே வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்கிறேன். வீட்டில் மனைவியிடம் வாக்கிங் என்று சொல்லியிருப்பதால் ஒரு மணி நேரத்தில் திரும்பியாக வேண்டும். பழைய வேகம் வர எத்தனை நாளாகும்?

பதில்: வேகம் கிடக்கட்டும். கெண்டைக்காலைப் பற்றி விலாவாரியாக எழுதிய நீங்கள், மனைவியிடம் சொன்ன பொய்யை ஏதோ நேரப் பிரச்சினை போலத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கால் பிடித்துக்கொண்டதே அதனால்தான் என்பேன்.

கணக்குப் பாருங்கள். போக 10 நிமிடம், வர 10 நிமிடம். மிச்சம் 40. அதில் எதை வெட்டினீர்கள்? ஆரம்பத்தில் செய்யும் வார்ம்-அப்பையும் கடைசி ஸ்ட்ரெச்சிங்கையும்தானே? நேரமில்லாத எல்லோரும் அதைத்தான் வெட்டுகிறார்கள். உடம்பு சூடாகாமலே வரிசையில் நின்று உதைத்திருக்கிறீர்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. மூச்சு சில வாரங்களில் தேறும். தசையும் ஓரளவு சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் மட்டும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் மூளை எதையுமே மறந்திருக்காது. மாஸ்டர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியதும் 29 வயதின் உதை கிளம்பிவிடுகிறது. அதைத் தாங்கவேண்டிய குதிகால் நாணுக்கோ 43 வயது. காலையில் அந்தப் பத்து அடி நொண்டுவது பெரும்பாலும் அந்த நாண் தரும் எச்சரிக்கை. அது அறுந்தால் யாரோ பின்னாலிருந்து குதிகாலில் ஓங்கி உதைத்த மாதிரி இருக்குமாம். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அப்புறம் வாரக்கணக்கில் காலில் கட்டு, மறுபடி விளையாட அரை வருடத்துக்கு மேல்.

அந்த அரை வருடம் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது யார்? பாத்ரூமுக்குத் தோள் கொடுப்பது யார்? யார் சுமக்கப்போகிறாரோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடும்பஸ்தனின் உடம்பு அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மனைவி தடுத்தார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. கேட்காமலேயே பதிலை முடிவுகட்டிவிட்டீர்கள்.

இன்றே சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். பதிலுக்கு அவருக்கும் இரண்டு மாலை. அந்த நேரம் சமையலும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. பேரம் அல்ல, நியாயம்.

இனி கால். கெண்டைக்கால் வீங்கியோ சூடாகவோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி 3 விநாடியில் இறக்குங்கள். 15 முறை, 3 சுற்று. மறுநாள் காலை நொண்டும் பத்து அடி பதினைந்தானால் அளவு அதிகம், குறையுங்கள். அது ஐந்தாகக் குறைந்த பிறகே படி விளிம்பில் நின்று செய்யலாம்.

வகுப்பில் முதல் 15 நிமிடம் இடுப்பைச் சுழற்றுவது, காலை முன்னும் பின்னும் வீசுவது. ஒரே நிலையில் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச் கடைசியில். நான்கு வாரம் இடுப்புக்கு மேல் உதை கிடையாது, குதித்தல் கிடையாது. மவாஷி கேரியில் (பக்கவாட்டில் சுழற்றி உதைப்பது) ஊன்றிய பாதம் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பாதம் தரை விரிப்பில் ஒட்டிக்கொண்டு இடுப்பு மட்டும் திரும்பினால் முழங்கால் திருகிவிடும். முதல் கட்டாவையே (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) பாதி வேகத்தில், சக்தி போடாமல் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். ஓரிரண்டு நாள் தசைவலி சகஜம். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ நெஞ்சு இறுகினாலோ அன்றே ஆஸ்பத்திரி.

மாஸ்டரிடமும் காலைப் பற்றிச் சொல்லி, கடைசி வரிசையில் நிற்க அனுமதி கேளுங்கள். பிரவுன் பெல்ட் என்று முன்வரிசையில் நின்றால் பின்னால் இருக்கும் பையன்கள் பார்க்கிறார்களே என்று ஓங்கி உதைப்பீர்கள். ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது, மூன்று மாதம் கழித்துத்தான், அதுவும் காலைநேர நொண்டல் அடியோடு போயிருந்தால். முதல் தடவை 2 நிமிடம் போதும், அனுபவமுள்ள சீனியர் ஒருவரோடு. புதிதாகச் சேர்ந்த இருபது வயதுப் பையனோடு வேண்டாம். அவனுக்கு இன்னும் அடியை நிறுத்தத் தெரியாது.