பேண்டா, ஸ்பானிஷா, கோடிங்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜனவரி, பிப்ரவரி வந்தால் போதும், அமெரிக்காவில் 5ஆம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரி கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். மிடில் ஸ்கூல் (6 முதல் 8ஆம் வகுப்பு) எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடப் படிவம் வந்திருக்கிறது, என்ன டிக் செய்வது என்று. இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மகன் அடுத்த வருடம் மிடில் ஸ்கூல். படிவத்தில் பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர் (கூட்டுப் பாட்டு), ஆர்ட், தியேட்டர், கோடிங் என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அவன் பேண்ட் என்கிறான். என் கணவர் கோடிங்தான் பின்னால் உதவும் என்கிறார். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் காலேஜ் வரை பாதிக்குமா?
— ஓர் அம்மா, பிளேனோ, டெக்ஸஸ்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ப்ளஸ் ஒன் குரூப்தான். நம் ஊரில் பதினைந்து வயதில் ஒரு படிவத்தில் ஒரு டிக் அடித்தோம், ஃபர்ஸ்ட் குரூப் என்றால் ஒரு வாழ்க்கை, தேர்ட் குரூப் என்றால் வேறு வாழ்க்கை என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முடிவு கட்டினார்கள். அந்தப் பயத்தை அப்படியே பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து, பதினோரு வயதுப் பையனின் எலெக்டிவ் படிவத்தின் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் கொட்டியவள்தான், அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன்.

மிடில் ஸ்கூல் மார்க்கைக் காலேஜ் கேட்பதில்லை. டெக்ஸஸில் விதிவிலக்கு, ஹை ஸ்கூல் கிரெடிட் உள்ள பாடங்கள்: 8ஆம் வகுப்பில் எடுக்கும் அல்ஜீப்ரா 1, ஸ்பானிஷ் 1 போன்றவை. அவை காலேஜ் பார்க்கும் ஹை ஸ்கூல் மார்க் பதிவில் (டிரான்ஸ்கிரிப்ட்) ஏறும். உங்கள் மகனின் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கதவு இந்த வருடத்தோடு மூடிக்கொள்ளும்? டெக்ஸஸ் பள்ளிகளில் பேண்ட் பொதுவாக 6ஆம் வகுப்பில்தான் அடியிலிருந்து தொடங்கும். கிளாரினெட் பிள்ளைகள் ஒரு வகுப்பு, டிரம்பெட் பிள்ளைகள் ஒரு வகுப்பு என்று தனித்தனியாக உட்காரவைத்து, வாயை எப்படிக் குவிப்பது என்பதிலிருந்து சொல்லித்தருவார்கள். 7ஆம் வகுப்பில் போய் நானும் வருகிறேன் என்றால், மற்ற பிள்ளைகள் ஒரு வருடம் முன்னே போயிருப்பார்கள், பல இடங்களில் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவும் அப்படித்தான். கோடிங் அப்படி இல்லை. அடுத்த வருடம் எடுக்கலாம், கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், 9ஆம் வகுப்பில் புதிதாகத் தொடங்கினாலும் குடி முழுகிப்போகாது. ஆகவே உங்கள் கணவர் சொல்வது தப்பில்லை, அவசரமில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. 6, 7, 8 என்ற மூன்று வருடத்துக்குள் ஃபைன் ஆர்ட்ஸில் ஒரு பாடமாவது முடிக்க வேண்டும் என்பது டெக்ஸஸ் மாநில விதி. பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர், ஆர்ட், தியேட்டர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். எப்படியும் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்னும்போது பையன் தானாகக் கேட்பதைக் கொடுத்துவிடலாமே. பேண்ட் எடுத்தால் படிப்பு கெட்டுவிடும் என்று கணவர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தால் இதைச் சொல்லுங்கள்: பாடத்தில் மார்க் 70க்குக் கீழே போனால் போட்டிக்குப் போக முடியாது என்று 1984லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது, இப்போது அது குறைந்தது மூன்று வாரம். கணக்கு ஹோம்வொர்க் முடித்தாயா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் பேண்ட் டைரக்டர் கேட்டுவிடுவார்.

என் மகனை வாத்தியம் தேர்ந்தெடுக்கும் மாலைக்கு அழைத்துப்போன கதையைச் சொல்கிறேன். டிரம்ஸ்தான் வேண்டும் என்று கிளம்பினான். அங்கே வந்திருந்த பையன்களில் பாதிப் பேர் டிரம்ஸ், மீதிப் பேர் சாக்ஸஃபோன். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மவுத்பீஸ் கொடுத்து ஊதச் சொன்னார்கள், உதட்டைப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், கை விரலை விரிக்கச் சொன்னார்கள். சந்தையில் மாடு வாங்குவது போலத்தான் இருந்தது. கடைசியில் யூஃபோனியம் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம். அவனுக்கு அழுகை, எனக்கு அந்தப் பெயரையே அன்றுதான் தெரியும். முதல் இரண்டு மாதம் வீட்டில் எருமை கத்துவது போல ஒரு சத்தம். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "ஏம்மா, பேண்டு வாத்தியம் கல்யாண ஊர்வலத்துக்குத்தானே, இதையா பள்ளிக்கூடத்துல படிக்கறான்?" என்று கேட்டார். நவம்பரில் ஒரு கச்சேரி வைத்தார்கள், அறுபது பிள்ளைகள், மொத்தமே ஐந்தாறு ஸ்வரம்தான், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மாமியார் எழுந்து நின்று கைதட்டினார்.

வாத்தியம் வாங்கும் முன் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். டியூபா, யூஃபோனியம், பசூன் மாதிரி பெரியவற்றைப் பெரும்பாலும் பள்ளியே ஒரு சிறு தொகைக்குத் தந்துவிடும். புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட் என்றால் மாத வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது. ஆன்லைனில் பளபளவென்று சல்லிசாக வரும் கிளாரினெட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நாங்கள் இரண்டாவது பிள்ளைக்கு வாங்கினோம். விரலால் அழுத்தும் ஒரு கீ வளைந்தபோது ரிப்பேர் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம், கவலைப்பட்டே ஆகவேண்டும் என்றால் கணக்கைப் பற்றிப் படுங்கள். 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுப்பதற்கான பாதை 6ஆம் வகுப்புக் கணக்கில்தான் பிரிகிறது. 5ஆம் வகுப்பு மாநிலத் தேர்வில் மேல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளைத் தானாகவே அட்வான்ஸ்டு கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023ல் டெக்ஸஸில் சட்டம் வந்திருக்கிறது. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். எலெக்டிவ் பக்கத்தில் இரண்டு வாரம் செலவழித்துவிட்டு இந்த வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகள் நான்கு வருடமாக கர்னாடக வயலின் கற்கிறாள். மிடில் ஸ்கூலில் ஆர்கெஸ்ட்ரா எடுத்தால் கை கெட்டுவிடும் என்கிறார் அவள் டீச்சர். உண்மையா?
— வாசகி, எடிசன், நியூஜெர்சி

டீச்சர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நம் முறையில் தரையில் உட்கார்ந்து வயலினின் தலையை வலது பாதத்தின் மேல் சாய்த்துக்கொள்வதால் இடது கைக்குத் தாங்கும் வேலை கிடையாது, அதனால்தான் கமகத்துக்கு அப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆர்கெஸ்ட்ராவில் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும், நான்கு விரலும் அதனதன் இடத்தில் விழ வேண்டும், சுண்டுவிரல் உள்பட. வழுக்கினால் திட்டு விழும்.

தந்தி கூட்டுவதும் வேறு. நமக்கு ச, ப, ச, ப. அதுவும் பாடுபவரின் சுருதிக்கு ஏற்றபடி. அவர்களுக்கு ஜி, டி, ஏ, ஈ என்று நிரந்தரம். ஒரே வயலினை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரி, சனிக்கிழமை ஒரு மாதிரி முறுக்கினால் தந்தி அறுந்துகொண்டே இருக்கும், பிள்ளையும் குழம்பும். இரண்டு வயலின் வைத்துக்கொள்ள முடிந்தால் எடுக்கட்டும்.

ஆனால் நான் சொல்லும் வழி கொஞ்சம் வேறு. ஆர்கெஸ்ட்ரா என்றால் வயலின் மட்டும் இல்லையே! செல்லோ எடுக்கச் சொல்லுங்கள், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி. பிடிப்பதே முற்றிலும் வேறு என்பதால் உடம்பு இரண்டையும் குழப்பிக்கொள்ளாது, ஸ்ருதி ஞானம் மட்டும் கூடவே வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: முதல் சில மாதம் அவளுக்கு போரடிக்கும். வர்ணம் வாசிக்கும் பிள்ளையை வில்லைத் தொடவிடாமல் விரலால் தந்தியைச் சுண்டச் சொல்வார்கள். அவளுக்கு அங்கே புதிதாகக் கிடைக்கப்போவது நொட்டேஷனைப் பார்த்து வாசிப்பது, அதைவிட முக்கியமாக, நாற்பது பேரோடு சேர்ந்து வாசிப்பது. நம் முறையில் குருவுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு புது உலகம்.

டீச்சர் இன்னும் முகம் சுளித்தால், வயலினே நமக்கு வந்தது எப்படி என்று மெதுவாக நினைவூட்டுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய முறையில் கற்றுக்கொண்டுதான் அதை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். அண்ணனோ மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் வரிகள் எழுதிவிட்டார், நோட்டுஸ்வரம் என்று உங்கள் மகளே வாசித்திருப்பாள்.

7ஆம் வகுப்பில் ஸ்பானிஷ் எடுக்கட்டுமா? சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கும் போகிறான். இரண்டு மொழி சுமையாகிவிடாதா? தமிழை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசனை.
— ஓர் அப்பா, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

தமிழை நிறுத்தாதீர்கள், அது ஸ்பானிஷுக்கே உதவும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "எனக்குப் பிடிக்கும்" என்பதை ஸ்பானிஷில் 'மே குஸ்தா' என்பார்கள். அதிலும் நம்மைப் போலவே 'எனக்கு'தான், 'நான்' இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். வீட்டில் "எனக்கு சாம்பார் பிடிக்காது" என்று தினமும் சொல்லும் உங்கள் மகனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். நாக்கை ஒரு தரம் தட்டுவதா, உருட்டுவதா என்பதுதான் வித்தியாசம். அரம், அறம் என்று எழுத்திலாவது பிரித்துப் படித்த பிள்ளைக்குக் காது கொஞ்சம் தயாராக இருக்கும். நம் 'ஞ' அங்கே அப்படியே இருக்கிறது, நாளை என்பதற்கு 'மஞானா'.

காலேஜ் சேர்க்கை என்று பார்த்தால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் இரண்டு வருடம் கட்டாயம், மூன்று வருடம் நல்லது என்கிறது. 7, 8ல் ஹை ஸ்கூல் தரத்தில் படித்த மொழிப்பாடம் அதில் சேரும், ஆனால் அந்த மார்க் அவர்கள் போடும் ஜிபிஏவில் (சராசரி மார்க்) சேராது. ஆகவே தைரியமாக எடுக்கலாம். ஒன்றுதான் கவனம், 9ல் நேரே இரண்டாம் நிலைக்குப் போடுவார்கள், அடித்தளம் ஆட்டம் கண்டால் அங்கே தெரியும்.

தமிழுக்கும் பலன் உண்டு. ஹை ஸ்கூல் முடிக்கும்போது இருமொழித் திறனுக்கு டிப்ளமாவில் ஒரு முத்திரை வைப்பார்கள், 2012ல் கலிஃபோர்னியாதான் தொடங்கியது, பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின. தமிழில் தேர்வு எழுதியும் அதைப் பெறலாம்.

மகள் ஆர்ட் கேட்டாள், தியேட்டரில் போட்டிருக்கிறார்கள். தினமும் அழுகை.
— வாசகி, டெக்ஸஸ்

படிவத்தில் விருப்பங்களை வரிசையாகக் கேட்டபோது நாலாவதாகத் தியேட்டரை எழுதியிருந்தீர்களா? அந்த நாலாவது கட்டத்தைச் சும்மா நிரப்பக்கூடாது, இடம் இல்லாவிட்டால் அதுதான் கிடைக்கும். பள்ளி தொடங்கி முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் மாற்றச் சொல்லிக் கேட்கலாம், பள்ளியில் பாடத் தேர்வைக் கவனிக்கும் ஆலோசகருக்கு (கவுன்சிலர்) மெயில் போடுங்கள், மூன்று வரி போதும், கோபம் வேண்டாம். மாற்றவில்லை என்றால் ஒரு செமஸ்டர்தானா, முழு வருடமா என்று கேளுங்கள். ஒரு செமஸ்டர் என்றால் இருக்கட்டும்.

ஆறு மாதம் பேரனோடு இருக்க வந்திருக்கிறேன். 7ஆம் வகுப்பில் சமையல் ஒரு பாடமாம்! முட்டை உடைக்கக் கற்றுக்கொண்டேன் தாத்தா என்கிறான். இதற்கா இவ்வளவு தூரம் வந்தார்கள்?
— ஒரு தாத்தா, ஊர் கும்பகோணம்

ஐயா, உங்கள் காலத்தில் பள்ளியில் தக்ளி சுற்றி நூல் நூற்றிருப்பீர்களே, அதற்கு யாரும் இப்படிக் கேட்டார்களா? உங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யில் காம்போசிட் மேத்ஸ் எடுத்தவர், ஜெனரல் மேத்ஸ் எடுத்தவர் என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்ததும் நினைவிருக்கும், அந்தப் பிரிவினை ஆயுசுக்கும் கூட வந்தது. இது அப்படி இல்லை. சமையல், துணி தைப்பது, மாதச் செலவுக்கு பட்ஜெட் போடுவது எல்லாம் ஒரே பாடமாக வரும், பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு.

சில பள்ளிகளில் வீட்டில் ஏதாவது செய்து காட்டி, பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும், அதற்கும் மார்க் உண்டு. பேரன் ஏதாவது கொண்டுவந்து நீட்டினால் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிடாமல் ஒரு விள்ளலாவது எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைத் தமிழிலேயே போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.