வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் சங்கம் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆப்பிரிக்க நாடுகளின் செவிலியர், மகப்பேறு செவிலியர் சங்கங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

பென்னாகரம் வட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் பணிபுரிகிறேன். போராட்டம் என்றால் ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். அது முடிந்ததும் சங்கம் கலைந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவில் நாடு தழுவிய சங்கங்கள் பல ஆண்டுகள் நீடிப்பது எப்படி?
– ஒரு செவிலியர், பென்னாகரம்

சகோதரி, உங்கள் கேள்வியில் பல ஆண்டு மனவலி தெரிகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015-இல் தேர்வான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்ததும், 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு பணிநிரந்தரம் கேட்டதும் நாம் அறிந்தவை. அந்தக் கூட்டத்தின் உறுதியில் குறை காண என்னால் முடியாது. ஆனால் ஒரு கோரிக்கைக்காகத் திரளும் கூட்டமும், கோரிக்கை எதுவும் இல்லாத மாதத்திலும் அலுவலகத்தைத் திறந்து வைத்திருக்கும் சங்கமும் வேறு வேறு. நீடித்த சங்கங்கள் அனைத்தும் இரண்டாவதைக் கட்டுவதில்தான் தங்கள் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் ஜனநாயக செவிலியர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுச் செவிலியர்களின் பதிவேட்டையும் சங்கத்தையும் நிறத்தின் அடிப்படையில் பிரித்து வைத்தது. பின்னர் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தனிப் பகுதிகளிலும் வெவ்வேறு சங்கங்கள் உருவாயின. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு இவை ஒன்றுசேர்ந்து 1996-இல் ஒரே அமைப்பாயின. தொழில்முறைச் சங்கமாகவும் தொழிற்சங்கமாகவும் ஒருசேர இயங்குவது என்ற முடிவுதான் அதன் பலம் என்று நான் கருதுகிறேன். சம்பளப் பேச்சுவார்த்தை ஆண்டுக்கொருமுறையோ மூன்றாண்டுக்கொருமுறையோதான் நடக்கும். ஆனால் மருந்து மாற்றிக் கொடுத்ததாக ஒரு செவிலியர் மீது புகார் எழுந்தால், விசாரணையில் அவருடன் அமரவும், வழக்குச் செலவுக்கான காப்பீட்டைத் தரவும் ஓர் அமைப்பு ஆண்டின் எந்த நாளிலும் தேவைப்படுகிறது. அந்தத் துணை கிடைப்பதால்தான் உறுப்பினர் அடுத்த மாதச் சந்தாவை மனமுவந்து செலுத்துகிறார்.

சந்தாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இங்கேதான் நிற்கிறது அல்லது சரிகிறது. தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் உறுப்பினர் எழுத்து மூலம் சம்மதம் தந்தால், முதலாளியே மாதச் சம்பளத்தில் சந்தாவைப் பிடித்தம் செய்து சங்கத்தின் கணக்கில் செலுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதனால் சங்கத்தின் வருமானம் கூட்டத்தின் உற்சாகத்தைச் சார்ந்திருப்பதில்லை; முழுநேரப் பணியாளரை அமர்த்தவும், மாவட்ட அலுவலகத்துக்கு வாடகை கொடுக்கவும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிடித்தம் செய்யும் கை முதலாளியுடையது என்பதால், மோதல் முற்றும் நேரத்தில் அந்தக் கை நின்றுவிடலாம். எனவே சில மாதச் செலவுக்கான இருப்பைத் தனியே வைத்திருப்பதும், உறுப்பினர் நேரடியாகச் செலுத்தும் வழியைத் திறந்து வைத்திருப்பதும் அவசியம்.

வெளிநாட்டு உதவி குறித்தும் ஒரு சொல். மலாவி, சாம்பியா போன்ற நாடுகளின் சங்கங்களுக்கு நார்வே செவிலியர் அமைப்பு பல ஆண்டுகள் துணை நின்றிருக்கிறது. பயிற்சிக்கும் தொடக்கச் செலவுக்கும் அத்தகைய உதவி நல்லது. ஆனால் அன்றாடச் செலவே நன்கொடையில் நடக்கத் தொடங்கினால், தலைவர்கள் உறுப்பினருக்குக் கணக்குக் காட்டுவதைவிட நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதுவதிலேயே கவனம் வைப்பார்கள். உங்கள் வட்டத்தில் ஐம்பது பேர் மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்து, வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் படித்தால், அந்த ஐம்பது பேர் சங்கம் யாரோ ஒருவர் தரும் பெருந்தொகையைவிட உறுதியாக நிற்கும்.

கென்யச் செவிலியர்கள் 2017-இல் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று படித்தேன். அவ்வளவு நாள் ஏன் நீண்டது?
– ஒரு செவிலியர் கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

2017 ஜூன் 5-இல் தொடங்கிய அந்த வேலைநிறுத்தம் நவம்பர் தொடக்கத்தில்தான் முடிந்தது. அது ஏன் நீண்டது என்பதை அறிய, அந்நாட்டின் ஆட்சி அமைப்பைப் பார்க்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு மருத்துவச் சேவையை 47 மாவட்ட அரசுகளிடம் ஒப்படைத்தது. 2013-இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதாவது ஒரே நாடு, ஒரே தொழில், ஆனால் சம்பளம் கொடுப்போர் 47 பேர். தேசியச் சங்கம் இந்த மாவட்ட அரசுகளின் தலைவர்களான ஆளுநர்களின் கூட்டமைப்புடன் பேச வேண்டும். அரசு ஊழியர் ஊதியத்தைத் தீர்மானிக்கும் ஆணையமோ தனியே நின்று, இந்தச் செலவை நாடு தாங்காது என்று சொல்லும். சம்பளத்தை உயர்த்தும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்வது யார், பணம் ஒதுக்குவது யார் என்ற சிக்கலில்தான் மாதங்கள் கரைந்தன. அதற்கிடையில் அரசு மருத்துவமனைகளை நம்பியிருந்த ஏழைக் கர்ப்பிணிகள் பட்ட துன்பத்தை யாரும் மறைக்கக் கூடாது.

கானாவிலும் இதே வேர். 2024-இல் அரசு ஒப்புக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவில்லை என்று 2025 ஜூனில் செவிலியரும் மகப்பேறு செவிலியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்பது அரசின் பதில். ஆகவே பேச்சுவார்த்தை மேசைக்குச் செல்லும் சங்கம், நிதி ஒதுக்கீட்டின் கால அட்டவணையைக் கையில் வைத்திருக்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் தயாராகும் மாதங்களுக்கு முன்பே கோரிக்கையின் செலவைக் கணக்கிட்டுக் கொடுக்கும் ஆள் சங்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் மாணவியாக இருக்கும்போதே சம்பளப் பட்டியல், அரசாணை, நிதிநிலை அறிக்கை ஆகியவற்றைப் படிக்கப் பழகுங்கள். நாளை உங்கள் சங்கத்துக்கு மேடைப் பேச்சாளரைவிட அத்தகையவர்தான் அதிகம் தேவைப்படுவார்.

என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த இரவில் செவிலியர் இல்லை என்றால் நான் எங்கே போவேன்? உயிர் காக்கும் பணியில் இருப்போர் வேலைநிறுத்தம் செய்வது நியாயமா?
– ஒரு வாசகர், அரூர்

உங்கள் அச்சம் நியாயமானது. பிரசவ அறை, அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை ஒரு மணி நேரம்கூட ஆளின்றி இருக்கக் கூடாது. அதை முன்கூட்டியே எழுதி வைக்காத சங்கம் மக்களின் ஆதரவை இழக்கும், இழப்பதும் சரியே.

அதே நேரம், தடை மட்டும் விதித்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஜிம்பாப்வேயில் 2018 ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்த செவிலியர்களை அரசு ஒட்டுமொத்தமாகப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்து, சில நாட்களில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. பின்னர் மருத்துவப் பணியாளர் 72 மணி நேரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று சட்டம் செய்தது. செவிலியர்கள் நாட்டை விட்டு வெளியேறுவது நிற்கவில்லை. இதற்கு மாறாக, தென்னாப்பிரிக்காவின் 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம் இன்றியமையாச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும்போதே, தகராறைத் தீர்க்க நடுவர் மன்றத்தை வைக்கிறது. செவிலியர் பணி குறித்த 1977-ஆம் ஆண்டின் 149-ஆவது சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையும் பேச்சுவார்த்தை, சமரசம், நடுவர் தீர்ப்பு போன்ற சார்பற்ற வழிகளையே வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று கூறியது. உரிமையை எடுத்துக்கொண்ட இடத்தில், காலக்கெடுவுக்குள் பதில் சொல்லும் ஒரு மன்றத்தையாவது வைக்க வேண்டும் என்று செவிலியர் கேட்டால், அரூரில் இருக்கும் நீங்களும் அவர்களுடன் சேர்ந்து கேட்க வேண்டும். அந்த மன்றம் இருந்தால் உங்கள் இரவும் பாதுகாப்பாகும்.

கிராம சுகாதார செவிலியர்களுக்குத் தனிச் சங்கம் வேண்டுமா, மருத்துவமனைச் செவிலியர்களுடன் சேர வேண்டுமா?
– ஒரு கிராம சுகாதார செவிலியர், அஞ்செட்டி

மலாவி, உகாண்டா, நைஜீரியா, கானா ஆகிய நாடுகளின் பெரிய அமைப்புகள் செவிலியரையும் மகப்பேறு செவிலியரையும் பெயரிலேயே சேர்த்து வைத்திருக்கின்றன. ஒன்றாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து, ஒரு நிபந்தனையுடன்: செயற்குழுவில் உங்கள் பிரிவுக்கு இடங்கள் விதியிலேயே ஒதுக்கப்பட வேண்டும். மலைக் கிராமங்களுக்கு நடந்து செல்பவரின் பயணப்படியும் இரவில் அழைப்பு வந்தால் துணைக்கு ஆள் வேண்டும் என்ற கோரிக்கையும், நகர மருத்துவமனையில் பணிபுரிபவர் மட்டுமே அமர்ந்திருக்கும் குழுவில் கடைசிக்குத் தள்ளப்படும்.

ஓசூரில் தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். பொறுப்பெடுப்பவர்கள் எல்லோரும் இரண்டு ஆண்டில் வெளிநாடு போய்விடுகிறார்கள். பிறகு சங்கம் எப்படி நிலைக்கும்?
– ஒரு செவிலியர், ஓசூர்

ஆப்பிரிக்கச் சங்கங்களின் மிகப் பெரிய கவலையும் இதுதான். மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பட்டியலில் 55 நாடுகள் இருந்தன. அவற்றில் 37 அதன் ஆப்பிரிக்க மண்டலத்தைச் சேர்ந்தவை. மலாவி 2004-இல் தொடங்கிய அவசரத் திட்டத்தில் மருத்துவப் பணியாளருக்கு 52 விழுக்காடு கூடுதல் ஊதியம் கொடுத்தே அவர்களைத் தக்கவைக்க முயன்றது.

போகிறவர்களைக் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் போவார்கள் என்று எதிர்பார்த்து விதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒருவருக்குப் பதில் இரண்டு பிரதிநிதிகள், பொறுப்புக்கு இரண்டு ஆண்டு வரம்பு, வங்கிக் கணக்கில் மூவர் பெயர் எனத் தொடங்கலாம். உறுப்பினர் பதிவேடும் நிர்வாகத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் தனி ஒருவரின் கைப்பேசியில் இல்லாமல் சங்கத்தின் கோப்பில் இருக்கட்டும். கேரளத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் 2011-இல் தொடங்கிய சங்கம், உறுப்பினர்கள் தொடர்ந்து வெளிநாடு சென்றபோதிலும் நிலைத்து நின்று, 2018-இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு வரும்வரை போராடியது. உங்கள் பொறுப்பாளர் பணி விலகல் கடிதம் கொடுக்கும் அன்றே, அறிவிப்புக் காலம் முடிவதற்குள் அடுத்தவரை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அறிமுகப்படுத்திவிடுங்கள்.