டவுன் சிண்ட்ரோம் உள்ள என் ஐந்து வயது மகன் வழியிலேயே உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறான். இது பிடிவாதமா?

பெரும்பாலும் இல்லை. என் மகளும் இப்படி உட்கார்ந்தவள்தான். "இந்தக் குழந்தைகளே இப்படித்தான்" என்று பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு எரிச்சல் வரும். 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது.

முதலில் உடம்பைப் பாருங்கள். தசை தளர்ச்சியாலும் தட்டைப் பாதத்தாலும் கால் சீக்கிரம் வலிக்கும். நடுக்காதில் நீர் கோப்பது இவர்களுக்கு மிகச் சாதாரணம். அதனால் கேட்கும் திறன் ஏறி இறங்கும். நேற்று சொன்னதைச் செய்தவன் இன்று காதில் வாங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சடைப்பு பாதிப் பேருக்காவது உண்டு. குறட்டை இல்லாமலும் அது இருக்கும் என்பதால், 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். தூக்கம் கெட்ட குழந்தை எப்போதும் சோர்ந்து கிடக்காது, துறுதுறுவென்று ஆடி அடம்பிடிக்கவும் செய்யும். தைராய்டை ஆண்டுக்கொரு முறை பாருங்கள். மலச்சிக்கலையும் மறக்காதீர்கள்.

அடுத்தது பேச்சு. இவர்களுக்குப் புரிவது அதிகம், சொல்ல வருவது குறைவு. "வேண்டாம், களைத்துவிட்டேன்" என்று சொல்ல வாய் வராதபோது உட்கார்ந்துவிடுவதுதான் பதில். என் மகளுக்குச் சைகையும் படங்களும் கைகொடுத்தன. காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்ததே இவர்கள் மனத்தில் நிற்கிறது. கிளம்புவதற்கு முன் போகும் இடத்தின் படத்தைக் காட்டுங்கள். ஒன்றைச் சொன்னபின் வாயை மூடிக்கொண்டு சற்றுக் காத்திருங்கள்; பதில் வரத் தாமதமாகும். அதற்குள் மூன்று முறை திருப்பிச் சொன்னால் குழப்பம்தான் மிச்சம். (தாத்தா பாட்டிகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது தனிப் பாடு.)

கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மூட்டுகள் தளர்வானவை. சுற்றி நின்று சிரிக்கவும் விடாதீர்கள். கூட்டம் ரசிக்கிறது என்று தெரிந்தால் நாளைக்கும் அதே காட்சிதான். அந்த அளவுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

வந்த பேச்சு நின்றுபோனாலோ, மனிதர்களிடமிருந்து விலகினாலோ ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம். நடை திடீரென மாறினாலோ, கழுத்து வலித்தாலோ, அடக்கப் பழகிய சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கழுத்தெலும்பு விலகித் தண்டுவடத்தை அழுத்துவதாக இருக்கலாம்.