ஃப்ரெஷர்களை எடுக்கும் சிறு நிறுவனங்கள் தங்களை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்?

"ஒன்றும் தெரியாமல் வருகிறார்கள், ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள்" என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனம் சுருக்கென்றது. நீங்களும் சிறு பட்டறை நடத்துபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பெங்களூரு பீன்யாவில் 32 பேர் வேலை செய்யும் ஒரு சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும்) பட்டறையில் தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஐடி கம்பெனி வழக்கம் எனக்குத் தெரியாது. அதற்கு இது பொருந்தாது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2022-ல் தர்மபுரி பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பி.இ. மெக்கானிக்கல், நல்ல மதிப்பெண். டிராயிங்கைக் கடகடவென்று படித்தாள். மூன்றாம் நாளே இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார வைத்துவிட்டேன். இரண்டே வாரத்தில் 400 ஷாஃப்ட் (சுழலும் உலோகத் தண்டு) திரும்பி வந்தன. பேரிங் ஏறவில்லை. விட்டம் 25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாத இடத்தில் 25.01, 25.02 இருந்தது. அவள் எழுதிய ரிப்போர்ட்டிலோ எல்லாம் சரியாக இருந்தது.

எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவள் வாயே திறக்கவில்லை. எங்கள் மூத்த டர்னர் (கடைசல் இயந்திரம் ஓட்டுபவர்), கிருஷ்ணகிரிக்காரர், "எப்படி அளக்கறேன்னு காட்டும்மா" என்றார். நுண்ணிய அளவெடுக்கும் கருவியான மைக்ரோமீட்டரின் முனையில் சின்ன ரேச்சட் (அளவுக்கு மேல் இறுகவிடாத திருகு) இருக்கும். அதைத் திருகி, டிக் டிக் என்று சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். அவள் அதைத் தொடாமல், உருளையையே பிடித்து நகம் வெளுக்கும்வரை இறுக்கினாள். அப்படி இறுக்கினால் அளவு குறைவாகக் காட்டும். "காலேஜ்ல சொல்லித் தரலையா?" என்று கேட்டார். "செகண்ட் இயர்லயே கொரோனா வந்துடுச்சு அண்ணா. லேப் எல்லாம் வீடியோலதான் பார்த்தோம்."

கேட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவோம் என்று பயந்து கேட்காமலே இருந்திருக்கிறாள். கையில் கருவியைக் கொடுத்து ஒரு முறை அளக்கச் சொல்லிப் பார்க்காதது என் தப்பு. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு புதிதாக வருபவர்களுக்கு முதல் ஒரு மாதம் தனிப்பொறுப்பு தருவதில்லை. அந்த டர்னருக்குத் தினமும் ஒரு மணி நேர உற்பத்திக் கணக்கைக் குறைத்தோம். அந்த நேரம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. இதுதான் முக்கியம். டார்கெட்டைக் குறைக்காமல் "சொல்லிக்கொடுங்க" என்றால் எந்த ஆபரேட்டரும் சொல்லிக்கொடுக்க மாட்டார். அவர் இன்சென்டிவ் போய்விடுமே!

அப்புறம் சம்பளம். எங்களிடம் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிதான். 3-ம் தேதி சேர்ந்தவள் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) அட்வான்ஸும் வாடகையும் கட்டிவிட்டு, மதியம் வெறும் பன்னும் டீயுமாக ஓட்டியிருக்கிறாள். இப்போது சேர்ந்த பத்தாம் நாளே பாதிச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுக்கிறோம்.

"செலவுக்கு எங்கே போவது" என்பீர்கள். மத்திய அரசின் என்ஏடிஎஸ் அப்ரண்டிஸ் திட்டத்தில் பட்டதாரிகளை எடுத்தால் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே தருகிறது. ஆனால் எங்களை நிஜமாக நசுக்குவது வேறு. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி எங்களைப் போன்றவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டிய பெரிய கம்பெனிகள் 120 நாள் இழுத்தடிக்கிறார்கள். நாங்கள் எதை வைத்துச் சம்பளம் போடுவது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வயிறு எரிகிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஓடிவிடுவார்கள் என்று ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். என் முதல் வேலையில் அப்படித்தான் வாங்கிவைத்தார்கள். 2003-ல் ஒரு அரசு நிறுவன நேர்காணலுக்கு நகலோடு போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். இன்றுவரை ஆறவில்லை.

அந்தப் பெண் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஓசூரில் பெரிய வேலை கிடைத்துப் போனாள். ரிலீவிங் லெட்டரை அன்றே கொடுத்தேன். போன ஜூலையில் அவளே தன் கல்லூரி ஜூனியர் இரண்டு பேரை அனுப்பிவைத்தாள். ஒருவன் மூன்று வாரத்தில் நின்றுவிட்டான். இன்னொருவன் வந்த முதல் நாளே, "சார், எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாது, அக்கா உங்ககிட்ட முதல்லயே சொல்லிடச் சொன்னாங்க" என்றான்.