பதினெட்டு முடிஞ்சா அப்பறம் வீடுதானா?

கேள்வி: அக்கா, பல்லடம் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில வேலை பாக்குறேன், மொத்தம் ஆறு டீச்சருங்க. இந்த வருசம் நாலு பசங்களுக்குப் பதினெட்டு முடியுது, நாலு பேருமே அறிவுசார் குறைபாடு உள்ளவங்க. அதுல ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல எந்த வண்டி எத்தன மணிக்குன்னு மனப்பாடமாச் சொல்லுவான். ஸ்கூலை விட்டதும் டிவி முன்னாடி உக்கார வெச்சிருவாங்களோன்னு பயமா இருக்குது. டீச்சருங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெய்னிங் ஏற்பாடு பண்ணச் சொல்லி நிர்வாகத்துல என்கிட்ட விட்டிருக்காங்க. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பதில்:

அம்மிணி, மொத நாளைக்கு ஹால் புக் பண்ணாதீங்க. ஸ்கூல் அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து, கடைசி அஞ்சு வருசத்துல வெளிய போன பசங்க யாரு யாருன்னு எழுதுங்க, ரெண்டு ரெண்டு டீச்சராப் பிரிஞ்சு அவங்க வீடுகளுக்குப் போங்க. காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் என்ன பண்றான்னு அம்மாகிட்டக் கேளுங்க, அப்பறம் அந்தப் பையன்கிட்டயே கேளுங்க, பேச்சு வராதவனா இருந்தா சித்த நேரம் கூட உக்காந்து பாருங்க. நாம சொல்லிக் குடுத்ததுல எது நின்னுச்சு எது போச்சுன்னு அந்தத் திண்ணைல தெரிஞ்சுரும்.

நான் பட்டுட்டுத்தான் சொல்றேன். ஒரு பையனுக்கு மூணு வருசம் மெழுகுவர்த்தி ஊத்தச் சொல்லிக் குடுத்தேன், அவ்வளவு அழகா ஊத்துவான், ஆண்டு விழாவுல ஸ்டால் போட்டு வித்தோம். ரெண்டு வருசம் கழிச்சு அவங்க ஊட்டுக்குப் போறேன், கட்டில்ல படுத்துக் கெடக்கறான். அவங்க தெருவுலயே மூணு பனியன் கம்பெனி ஓடுது, மெழுகுவர்த்தி வாங்கத்தான் ஆளில்ல. ரோட்டைத் தனியாத் தாண்டத் தெரியல, கடைல மீதிக் காசு வாங்கத் தெரியல. ஊருல என்ன வேலை இருக்குதுன்னு பாக்காம, நம்ம ரூமுக்குள்ள என்ன சாமான் இருந்துச்சோ அதைச் சொல்லிக் குடுத்தது நான். இன்னிக்கும் மனசு ஆறலைங்க.

அதனால ரெண்டாவது நாளும் வெளியதான். தெரிஞ்ச பனியன் கம்பெனி முதலாளி யாராச்சும் இருந்தா கேட்டுட்டு, ஒவ்வொரு டீச்சரும் அரை நாள் ஒரு பவர்டேபிள், அதான் தையல் மெசின், பக்கத்துல கைமடியா, டெய்லருக்குக் கை ஒத்தாசையா உக்காருங்க, இல்லீன்னா செக்கிங் டேபிள்ல பிசிறு வெட்டுங்க. மெசின் சத்தம் எவ்வளவு, எத்தன மணி நேரம் நிக்கோணும், தப்புப் பண்ணா யாரு வந்து சொல்லுவாங்க, டீ டைம்ல எங்க போய் நிப்பாங்க, பாத்ரூம் தாப்பாள் எப்படின்னு எல்லாம் நோட்டுல எழுதுங்க. நம்ம பசங்களுக்குக் கத்திரி பிடிக்க வந்துரும், ஆனா கையில இருக்கற பீஸ் தீந்துட்டா எந்திரிச்சுப் போய் அடுத்ததைக் கேக்கோணும், டீ குடிச்சுட்டுத் தானாத் திரும்பி வரோணும், உடம்பு முடியலைன்னா சொல்லோணும், வேலை நிக்கறது அதுலதான். இதை நாம எந்தக் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கறோம்? ஊர் மாறினா வேலையும் மாறும், சென்னிமலைன்னா தறி, நாமக்கல்னா கோழிப் பண்ணை, பொள்ளாச்சின்னா தேங்கா, ஆனா போய் உக்காந்து பாக்கறது மாறாது.

திரும்பி வந்ததும் அந்த வேலையத் துண்டு துண்டாப் பிரிச்சு எழுதுங்க. பீஸை எடு, உள் பக்கம் திருப்பு, தோள் தையல் பாரு, நூலை வெட்டு, வெளிப் பக்கம் திருப்பு, வலது பக்கம் வை. சில பசங்களுக்குக் கடைசித் துண்டை மொதல்ல சொல்லிக் குடுங்க, மத்ததெல்லாம் நீங்க பண்ணிட்டு வைக்கறதை மட்டும் அவன் பண்ணட்டும், வேலை முடிச்ச சந்தோசம் மொத நாளே அவனுக்குக் கெடைக்கும், அப்பறம் பின்னாடி இருந்து ஒவ்வொண்ணா முன்னாடி வரலாம். ஒத்தாசையும் அப்படித்தான், கையப் புடிச்சு செய்ய வைக்கறது, அப்பறம் வெரலால காட்டறது, அப்பறம் சும்மா பக்கத்துல நிக்கறது, அப்பறம் தள்ளி நிக்கறது. டீச்சருங்களுக்கு ஒத்தாசை பண்ண வந்துரும், அதைக் கொறைக்கத்தான் வராது. அஞ்சு எண்ணற வரைக்கும் வாயத் தொறக்காம நிக்கறதை நீங்க ஆறு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பழகிப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு அப்பத் தெரியும்.

இன்னொண்ணு, மீசை மொளச்ச பையனைப் பாப்பான்னு கூப்புடறது, ரைம்ஸ் போட்டுக் கையத் தட்டச் சொல்றது இதெல்லாம் டீச்சர் மனசுல இருந்து போகோணும். மாதவிடாய், சேவிங், யாரு எங்க தொடலாம் தொடக்கூடாது, கதவைச் சாத்திட்டுத் துணி மாத்தறது, யாரையாச்சும் புடிச்சிருந்தா அதை எப்படிச் சொல்றது, இதைப் பேசக் கூச்சப்பட்டா பாதிக்கப்படறது அந்தப் பசங்கதான். சேவிங் சொல்லிக் குடுக்க அப்பா, அண்ணனைக் கூப்புடுங்க, வருவாங்க.

அமெரிக்காவுல 16 வயசுக்குள்ள, ஸ்கூலுக்கு அப்பறம் என்னங்கறதைப் பையனோட தனித் திட்டத்துல எழுதியே ஆகோணும்னு சட்டம் இருக்குது. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 6ல இருந்து 18 வரைக்கும் இலவசக் கல்வி சொல்லுது. 14லயே ஆரம்பிக்க நம்மளை யாரும் தடுக்கல, அடுத்த செட்டுக்காவது அங்க இருந்து தொடங்குங்க, ப்ளான் எழுதற அன்னைக்குப் பையனும் அந்தச் சேர்ல உக்காந்திருக்கோணும்.

பேப்பர் வேலையும் டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கோணும், பெத்தவங்க மொதல்ல வந்து கேக்கறது உங்களைத்தானே. யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இருக்குதா, மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை வருதா, நிராமயாங்கற மருத்துவ இன்சூரன்ஸ்ல சேத்தாச்சா, அது வருசத்துக்கு 1 லட்சம் ரூபா வரைக்கும் வைத்தியச் செலவுக்குக் குடுக்கும். பதினெட்டு முடிஞ்சா பெத்தவங்க தானாவே கார்டியன் ஆயிர மாட்டாங்க, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டிகிட்ட விண்ணப்பம் போடோணும். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்குத்தான். காது கேக்காத பொண்ணுக்கும் கார்டியன் வேணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

ஆளுங்க வேணும்னா ரொம்பத் தூரம் போக வேண்டாம், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா மிஷன்லயும் கோயமுத்தூர் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்துலயும் சிறப்புக் கல்வித் துறை இருக்குது, சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல 2005ல இருந்து பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான மத்திய அரசோட நிறுவனமே இருக்குது. கூப்புடறப்ப உங்க ரெண்டு நாள் நோட்டையும் கையில குடுத்துட்டுப் பேசச் சொல்லுங்க.

அப்பறம் அந்த பஸ் பையன். அவன்தான் உங்க மொத ட்ரெய்னிங்குன்னு வெச்சுக்குங்க. அடுத்த வாரம் ஒரு நாள் பல்லடத்துல இருந்து திருப்பூருக்கு டவுன் பஸ்ல போங்க, எந்த வண்டின்னு அவன் சொல்லட்டும், மத்த மூணு பேரையும் அவனே ஏத்தட்டும். அவங்களுக்கும் டிக்கெட் காசு இல்ல, உங்களுக்கும் இல்ல, கண்டக்டர்கிட்ட மாற்றுத்திறனாளி அட்டைய அவனே காட்டட்டும். நீங்க ரெண்டு சீட்டு பின்னாடி உக்காருங்க. எங்க தடுமாறுறான்னு எழுதிட்டு வந்து எனக்கு லெட்டர் போடுங்க, மேற்கொண்டு என்ன பண்ணலாம்னு அதைப் பாத்துச் சொல்றேன்.