அமெரிக்கக் காலனிக் கால நிலத்தில் ஸ்பானிஷ் காசு ஏன் கிடைக்கிறது?

மாசசூசெட்ஸ் பக்கம் பழைய பண்ணை நிலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் பிரிட்டிஷ் காசுதானே வர வேண்டும், ஸ்பானிஷ் வெள்ளி எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டன் தன் காலனிகளுக்குப் போதுமான வெள்ளிக்காசு அனுப்பவே இல்லை, அதனால் மெக்சிகோவிலும் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசியிலும் அச்சான ஸ்பானிஷ் ரியால் என்ற வெள்ளிக்காசு வணிகத்தோடு வந்து கைமாறியது, சில்லறை வேண்டுமென்றால் அதையே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டார்கள்; 1857 வரை அமெரிக்காவில் அது சட்டப்படி செல்லும் காசு. ஆக, முக்கோணமாக ஒரு வெள்ளித் துண்டு கிடைத்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அப்புறம், மாசசூசெட்ஸ் காலனி தானே அச்சடித்த பைன் மர ஷில்லிங் என்ற வெள்ளிக்காசு கிடைத்தால் (மிக அபூர்வம்) அதிலுள்ள 1652-ஐ அப்படியே நம்ப வேண்டாம், பல வருடம் கழித்து அச்சடித்ததிலும் அதே ஆண்டுதான் இருக்கும்.

செம்புக்காசை மட்டும் தயவுசெய்து தோண்டிய இடத்திலேயே தேய்க்காதீர்கள். அமில மண் மேல்பரப்பை அரித்து வைத்திருக்கும், விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே எழுத்தும் முகமும் மண்ணோடு போய்விடும், பார்க்கவே மனசு வலிக்கும்.

தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். கூட்டரசு நிலத்தில் நூறு ஆண்டைத் தாண்டிய தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டி எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.