அமைதியான றோட்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீர் நாலு கேள்வி கேட்டிருந்தீர். சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து நாலு மாதம், பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது, வாகன இரைச்சல் இல்லாமல் மலைப்பக்கம் ஓட நல்ல றோட்டு எது என்பது முதலாவது. மற்றவை பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிப்பது, மலிவான அறை, இத்தாலி மொழி படிப்பது. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள். முதலாவதுக்குச் சொல்ல எங்கட ஆட்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான் உண்டு. அதனால் அதை மட்டும் எடுக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையும். வாகனம் வராத றோட்டில் ஆபத்தும் வராது என்று நினைக்க வேண்டாம். சிசிலியின் மலைக்குள் அமைதியாகக் கிடக்கிற றோட்டுகள் பல, ஏதோ ஒரு காரணத்தால் ஆட்கள் கைவிட்டுப் போனவை. பெரும்பாலும் அந்தக் காரணம் மண்சரிவு. களிமண் சரிவுகள், மாரிகாலத்தில் நீர் ஊறி அப்படியே நழுவும். 2015 ஏப்ரலில் பலெர்மோ–கத்தானியா நெடுஞ்சாலையின் இமேரா பாலத்தையே மண்சரிவு சாய்த்துவிட்டது. நெடுஞ்சாலைக்கே அந்தக் கதி என்றால், நீலப் பலகையில் எஸ்பி என்று எழுதி நம்பர் போட்ட மாகாண றோட்டுகளின் நிலைமையை யோசித்துப் பாரும். 'ஸ்த்ராதா இன்தெர்ரோத்தா' என்று பலகை இருந்தால் றோட்டு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஊர்க்காரர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போவார்கள், அவர்களுக்கு இடம் தெரியும். நான் கல்தாவுதூரோப் பக்கம் ஒருமுறை அவர்களைப் பார்த்துத் தடுப்பைத் தாண்டினேன். இறக்கம், ஒரு வளைவு, அதற்கு அப்பால் றோட்டின் வலது பாதி இல்லை. மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே, வெள்ளைக்கோடு அழியாத தார் அப்படியே படுத்திருந்தது. அன்றைக்கு நான் மெதுவாக வந்தது தற்செயல். திரும்பி அந்த இறக்கம் முழுவதையும் ஏறினேன்.

அடுத்தது நாய். இதை யாரும் உமக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2001 மார்ச்சில் ஃபிகுட்சாப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். புர்போன் அரசர் வேட்டைக்கு வந்து தங்குவதற்காகக் கட்டிய மாளிகை ஒன்று அங்கே இருக்கிறது. அதன் பின்னால் 1613 மீற்றருக்கு ரோக்கா புசாம்ப்ரா சுவர் மாதிரி எழும்பி நிற்கும். றோட்டோரம் ஆட்டு மந்தை. வடிவாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு வந்தவன், இரண்டு நாய்களைக் கண்டதும் எழும்பி நின்று உழக்கினேன். ஏற்றத்தில் நாயை வெல்ல முடியாது, தம்பி. ஒன்று முன்னால் வந்து மறித்தது, மற்றது காற்சட்டையோடு சேர்த்துக் கெண்டைக்காலைப் பிடித்தது. கானுக்குள் விழுந்தேன். மேய்ப்பர் சீட்டி அடித்தபடி ஓடிவந்தார். மாடு குடிக்கிற கல்தொட்டியில் என் காலைக் கழுவிவிட்டுச் சொன்னார்: "அவன் உன்னைக் கடிக்க வரவில்லை. உனக்கும் ஆட்டுக்கும் நடுவில் நிற்க வந்தான். நீ ஓடினாய், அவன் உன்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டான்." பிறகு தன் குடிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்போதுதான் பாத்திரத்தில் திரண்ட ரிக்கோத்தாப் பாற்கட்டியை ஆவி பறக்கப் பாணின் மேல் போட்டுத் தந்தார். பின்னேரம் ஆஸ்பத்திரியில் ஏற்புவலி ஊசி போட்டுக்கொண்டேன்.

இந்த நாய்களுக்குக் கானே தி மன்னாரா என்று பெயர். மன்னாரா என்றால் ஆட்டுப்பட்டி. ஓநாயை எதிர்க்க வளர்த்த இனம். சிசிலியில் ஓநாய் போன நூற்றாண்டிலேயே அழிந்துபோயிற்று, நாயின் குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே மந்தையைத் தூரத்தில் கண்டதும் வேகத்தைக் குறையும். உரத்து "பொன்ஜோர்னோ" சொல்லும், மேய்ப்பர் பக்கத்தில் இருந்தால் அவர் நாயைக் கூப்பிடுவார். நாய் வந்தால் இறங்கி, சைக்கிளை உமக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், மெல்ல நடந்து மந்தையைத் தாண்டும். கல் எறிய வேண்டாம். கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போம், வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம்.

வெயிலைப் பற்றி எங்கட ஆட்கள், "நாங்கள் காணாத வெயிலா" என்பார்கள். எங்கள் வெயிலில் வேர்க்கும், நிழல் இருக்கும், நாலு வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கும். இங்கே சிரொக்கோக் காற்று சகாராவிலிருந்து வருகிறது. வேர்வை தோலில் நிற்காது, காய்கிறோம் என்பதே தெரியாது. 2021 ஓகஸ்ட் 11ஆம் தேதி சிரகூசாவுக்குப் பக்கத்தில் ஃப்ளோரிதியாவில் 48.8 பாகை பதிவானது, ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். ஜூன் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு 10 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். சிரொக்கோ அடிக்கிற நாளில் போகவே வேண்டாம், காட்டுத்தீயும் அந்த நாட்களில்தான் மூளும். 750 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு எடும். றோட்டோரக் கல்தொட்டிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் அது குடிக்க ஆகாது, தலையில் ஊற்றலாம். ஊர்க்கடைகள் பகல் ஒரு மணிக்குப் பூட்டினால் நாலு மணிவரை திறக்காது. நான் சட்டைப் பையில் எள்ளுருண்டை கொண்டுபோவேன். கடையில் விற்கிற எந்தச் சக்திக் கட்டியும் அதற்குக் கிட்ட வராது. இங்கத்தைய ஆட்களும் எள்ளைப் பாகில் இறுக்கி ஜுஜ்ஜுலேனா என்று செய்கிறார்கள், அதுவும் நல்லது.

சட்டம் கொஞ்சம். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட வேண்டும். இருட்டிலும் சுரங்கப் பாதையிலும் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். 2024 டிசெம்பரிலிருந்து, இடம் இருந்தால் கார்க்காரர் ஒன்றரை மீற்றர் தள்ளித்தான் உம்மைத் தாண்ட வேண்டும். தலைக்கவசம் பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் போடும். ஏதும் நடந்தால் 112. றோட்டின் நம்பரையும் கடைசியாகக் கண்ட கிலோமீற்றர் கல்லையும் சொன்னால் ஆட்கள் வந்துசேர்வார்கள். பள்ளத்தாக்குகளில் போன் எடுக்காது, எங்கே போகிறீர் என்று அறையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போம்.

சரி, றோட்டு. முதல் மாதம் மொந்தே பெல்லெக்ரீனோ மலை மட்டும். நகரத்திலேயே ஏறத் தொடங்கலாம், அந்தப் பக்கம் மொந்தெல்லோக் கடற்கரைக்கு இறங்கலாம். கல் உருளும் என்று இடைக்கிடை மூடுவார்கள், விசாரித்துவிட்டுப் போம். பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் 430 மீற்றர் அளவில் இருக்கிறது. எங்கட சனத்தை, சைவக்காரரையும் சேர்த்து, அங்கே எப்போதும் காணலாம்.

கால் பழகினபின் அல்தோஃபொந்தே வழியாகப் பியானா தெல்யி அல்பனேசி. 700 மீற்றருக்கு மேலே ஊர், அதற்குக் கீழே ஒரு ஏரி, பெயர்ப்பலகைகள் இரண்டு மொழியில். 15ஆம் நூற்றாண்டின் முடிவில் துருக்கியருக்குத் தப்பி வந்த அல்பேனியரின் ஊர் அது. 500 வருடத்துக்குப் பிறகும் கடையில் தங்கள் மொழியில் கதைக்கிறார்கள். முதல்முறை அதைக் கேட்டபோது, கன்னோலிப் பலகாரம் கையிலிருக்கத் தின்ன மறந்து நின்றேன். என் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இத்தாலியில் கதைக்கிறார்கள். கொஞ்சம் மேலே போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ராக் கணவாய். 1947 மே 1ஆம் தேதி அங்கே கூடிய கமக்காரர்மேல் ஜுலியானோவின் கொள்ளைக் கூட்டம் சுட்டதில் 11 பேர் செத்தார்கள். நினைவுக்கற்கள் புல்வெளியில் நிற்கின்றன. இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போம்.

மதோனியே மலைக்கு, சைக்கிள் சின்னம் போட்ட ரயிலில் தெர்மினி இமெரேசேக்கோ செஃபலுவுக்கோ போய் இறங்கலாம். 1906இல் தொடங்கிய தார்கா ஃப்ளோரியோ கார் ஓட்டத்தின் 72 கிலோமீற்றர்ச் சுற்று செர்தா, கொல்லெசானோ, கம்போஃபெலிச்சே வழியாகப் போகிறது. வளைவுக்குமேல் வளைவு, வேலைநாட்களில் அரை மணிக்கு ஒரு கார் வந்தால் அதிகம். இஸ்னெல்லோ, கஸ்தெல்புவோனோப் பக்கமும் அப்படித்தான். கோடையில் அங்கே மன்னா என்ற இனிப்புப் பிசின் தருகிற மரங்களைக் கீறி விடுவார்கள், வெள்ளைப் பால் பட்டையில் வடிந்து உறைந்திருக்கும். பொழுதுபடும் நேரம் மட்டும் காட்டுப்பன்றிக்குக் கவனம். எல்லாவற்றிலும் வடிவான காலம் ஏப்ரல். சுல்லாச் செடி பூத்துச் சரிவு முழுக்கச் சிவப்பாக இருக்கும்.

25 வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டுப் பக்கத்து ஊரான பகெரியாவைத் தாண்டாத எங்கட ஆட்களை எனக்குத் தெரியும். சைக்கிள் ஓடுகிறவன் கார் வாங்க வழியில்லாதவன் என்பது அவர்களின் எண்ணம். இத்தாலிக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் லண்டனுக்குப் போய், அங்கே இருந்துகொண்டு "சிசிலியில் ஒன்றுமில்லை" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்களின் பேச்சைக் கேட்டு இந்த ஊரை அளக்க வேண்டாம்.

நான் 1999 ஜனவரியில் வந்தேன். பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் யன்னல் இல்லாத அறை, ஏழு பேர், நாலு மெத்தை. பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீட்டில் ஃபிஸ்ஸோ வேலை கிடைத்தது, இரவும் பகலும் அங்கேதான். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. போக இடமில்லாமல் ஸ்டேசனடியில் நின்று திரும்புவேன். ஒரு வியாழன் அவர் களஞ்சிய அறையைத் திறந்து, வெளிர்நீலப் பியாங்கிச் சைக்கிள் ஒன்றின் மேல் கிடந்த துணியை இழுத்தார். "ஓடத் தெரியுமா?" பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனிடம் கேட்கிறார். டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். ஆனால் கியர் வைத்த சைக்கிளை நான் தொட்டதில்லை, எங்கள் ஊரில் ஏறுவதற்கு மலையும் இல்லை. பெல்லெக்ரீனோவில் இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். திரும்பி வந்தபோது அவர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். மிதிப் பக்கத்துச் சின்னப் பல்லுச்சக்கரத்துக்கு எப்போது மாற்ற வேண்டும், வளைவுக்கு முதலே பிறேக்கை எப்படிப் பிடித்து விட வேண்டும், அதைத் தொடர்ந்து அழுத்தினால் வளையம் சூடேறி ரியூப் எப்படி வெடிக்கும் என்றெல்லாம் தடியால் நிலத்தில் கீறிக் காட்டினார். ஒவ்வொரு வியாழனும் நான் போன ஊரின் பெயரைக் கேட்டுத் தன் வரைபடத்தில் பென்சிலால் கோடு போடுவார். 2008இல் காலமானார். சைக்கிளும் வரைபடமும் என்னிடம் இருக்கின்றன. அவர் கோடு போட்ட றோட்டுகளில் மூன்று இப்போது அறுந்துபோய்விட்டன.

பெர்மெஸ்ஸோவுக்குப் பத்ரொனாத்தோ என்கிற உதவி அலுவலகத்தில் போய்க் கேளும், காசு கேட்கிற இடைத்தரகரிடம் போக வேண்டாம். அதற்கிடையில் உம்முடைய சைக்கிளின் பிறேக் கட்டையை நகத்தால் அழுத்திப் பாரும். ரப்பர் கல்லுமாதிரி இறுகியிருந்தால் மாற்றும்வரை பெல்லெக்ரீனோவில்கூட ஏற வேண்டாம்.